சின்னக் கேமரா, பகல் வெளிச்சம்: திருநெல்வேலிப் பக்கத்துக் கல்யாணங்களைப் படம் எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சொந்தத்தில் ஒரு கல்யாணம். பெரிய போட்டோகிராபரை வைக்க வசதி இல்லை. அல்லது வைத்திருந்தாலும், "நீயும்தான் கேமரா வச்சிருக்கியே, நாலு படம் எடு" என்று அத்தை சொல்லிவிட்டார்கள். உங்கள் கையில் ஒரு பழைய கேமரா, ஒன்றோ இரண்டோ லென்ஸ். ஃபிளாஷ் கிடையாது, லைட் ஸ்டாண்ட் கிடையாது. அப்படி ஒருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, சாத்தான்குளம் என்று பல ஊர்களில் சொந்தக்காரர்கள், சிநேகிதர்கள் வீட்டுக் கல்யாணங்களை நானும் இதே சாமான்களோடுதான் எடுத்து வருகிறேன்.

வெளிச்சத்தைக் கையில் கொண்டுபோக முடியாத நாம், அது எந்த இடத்தில் எந்த நேரத்தில் இருக்கும் என்று முன்னாலேயே தெரிந்து வைத்துக்கொண்டு ஆட்களை அங்கே கூப்பிட வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிகள்தான்.

பையில் என்ன வேண்டும்

பத்து வருஷம் பழைய டி.எஸ்.எல்.ஆர். (லென்ஸைக் கழற்றி மாற்றும் வகைக் கேமரா) போதும். கேனான், நிக்கான் எதுவானாலும் சரி, செகண்ட் ஹாண்டில் வாங்கினதானாலும் சரி. கையில் கொஞ்சம் காசு இருந்தால் அதைக் கேமராவில் போடாமல் லென்ஸில் போடுங்கள். லென்ஸின் துவாரம் எவ்வளவு திறக்கும் என்பதை எஃப் எண் சொல்லும், எண் சின்னதானால் வெளிச்சம் அதிகம். கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 எம்.எம். லென்ஸ், முழுக்க ஜூம் செய்ததும் எஃப் 5.6-க்கு வந்துவிடும். எஃப் 1.8 லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பட்டாசலின் (வீட்டு நடுக்கூடத்தின்) அரை இருட்டில் படம் கிடைப்பதும் கிடைக்காததும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

50 எம்.எம்.மா, 35 எம்.எம்.மா என்ற கேள்வி வரும். விலை குறைந்த கேமராக்களில் சென்சார் சின்னது. அதில் 50 எம்.எம். லென்ஸ் 75, 80 எம்.எம். லென்ஸ் போலக் கிட்டத்தில் காட்டும். மண்டபத்தில் அது நல்லது. வீட்டுக்குள்ளேயோ, முதுகைச் சுவரில் ஒட்டி நின்றாலும் இரண்டு பேர் முகத்துக்கு மேல் அடங்காது. வீட்டுக் கல்யாணம் அதிகம் எடுக்கிறவர்கள் 35 வாங்குங்கள். பழைய 18-55 லென்ஸைத் தூக்கிப் போட வேண்டாம், குரூப் போட்டோவுக்கு அது வேண்டும்.

பேட்டரி இரண்டு. மெமரி கார்டும் இரண்டு. 64 ஜிபி கார்டு ஒன்றைவிட 32 ஜிபி கார்டு இரண்டு மேல், ஒன்று கெட்டாலும் பாதிக் கல்யாணம் மிஞ்சும். பிறகு, ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் வெள்ளைத் தெர்மோகோல் அட்டை ஒன்று. துவைத்த வெள்ளை நாலு முழ வேட்டி ஒன்று. துணி மாட்டும் கிளிப் அரை டஜன். வேட்டியும் தெர்மோகோலும் எதற்கென்று பின்னால் சொல்கிறேன்.

கேமராவே இல்லை, போன்தான் இருக்கிறது என்றாலும் மேலே படியுங்கள், பெரும்பாலானவை அதற்கும் பொருந்தும். லென்ஸைப் பருத்தித் துணியால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். விரலால் ஜூம் செய்யாதீர்கள், நடந்து கிட்டே போங்கள். முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். போர்ட்ரெய்ட் மோடு தலையில் வைத்த பிச்சிப்பூவின் ஓரத்தைக் கடித்துவிடுகிறது. அதை அணைத்துவிட்டு எடுப்பதே நல்லது.

கேமராவில் இருக்கும் சின்ன ஃபிளாஷை மட்டும் திறக்கவே வேண்டாம். நேர் எதிரே இருந்து அடிப்பதால் முகம் தட்டையாகிவிடும், நெற்றி வேர்வை பளபளக்கும், நகை வெள்ளைப் புள்ளியாக வெடிக்கும்.

முந்தின நாள் ஒரு தடவை போய்ப் பாருங்கள்

முகூர்த்தம் காலை 7.30 மணி என்றால் முந்தின நாள் அதே 7.30 மணிக்குப் போங்கள். சாயங்காலம் போய்ப் பார்த்தால் வேறு வெளிச்சத்தைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். முடியாவிட்டால் திசையையாவது குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய வீடாக இருந்தால் உங்களுக்கு யோகம். கல்லிடைக்குறிச்சியிலும் அம்பாசமுத்திரத்திலும் நீளமாக உள்ளே போகும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. வாசலில் திண்ணை, உள்ளே நுழைந்ததும் தார்சா என்கிற முன்கூடம், அடுத்து பட்டாசல், நடுவில் முற்றம், கடைசியில் அடுக்களையும் புறவாசலும். இதில் முற்றத்தை ஒட்டின பட்டாசல் ஓரம்தான் வீட்டிலேயே நல்ல இடம். வானத்திலிருந்து இறங்கும் வெளிச்சம் நாலு சுவரிலும் பட்டு மெத்தென்று உள்ளே வரும். ஆளை முற்றத்துக்கு உள்ளே நிறுத்தாதீர்கள், தலைக்கு மேலிருந்து வெளிச்சம் விழுந்து கண் இரண்டும் குழியாகத் தெரியும். தூணுக்கு இந்தப் பக்கம் ஒரு எட்டு உள்ளே நிறுத்தி, முகத்தை முற்றத்தின் பக்கம் திருப்பினால் சரியாக இருக்கும். தார்சாவும் அப்படித்தான். நடையிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே நின்று வெளியே பார்க்கிற முகம் மிக அழகாக வரும்.

புது கான்கிரீட் வீடு என்றால் ஜன்னலைத் தேட வேண்டும். சின்ன ஜன்னலிலிருந்து தள்ளிப் போகப் போக வெளிச்சம் வேகமாகக் குறையும். மூன்றடியில் இருப்பதற்கு ஆறடியில் கிட்டத்தட்டக் கால் பங்குதான் இருக்கும். கட்டிலோ பீரோவோ ஜன்னலை மறைத்தால், வீட்டுக்காரர்களிடம் கேட்டு முந்தின நாளே நகர்த்தி வையுங்கள். கல்யாணத்தன்று கேட்டால் யாருக்கும் காது கேட்காது.

திசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "வடக்கு ஜன்னலில் நேர் வெயில் வராது, அந்த வெளிச்சம்தான் உத்தமம்" என்று போட்டோகிராபி பாடங்களில் படித்திருப்பீர்கள். அது குளிர் நாட்டுக்காரர்கள் எழுதினது. திருநெல்வேலி பூமத்திய ரேகைக்கு வடக்கே 8.7 டிகிரியில்தான் இருக்கிறது. ஏப்ரல் 12, 13 வாக்கில் உச்சிச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். அதிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகலில்கூடச் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறது. காலையில் உதிப்பதும் கிழக்குக்கு வடக்கே தள்ளி. ஆகவே வைகாசி, ஆனி முகூர்த்தங்களில் வடக்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து உள்ளே அடிக்கும், தெற்கு ஜன்னல் மெத்தென்று இருக்கும். தை, மாசியில் நேர் தலைகீழ். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலை நம்பலாம்.

உதயமும் மாறுகிறது. தையில் சூரியன் எழ 6.35 மணிக்கு மேல் ஆகிவிடும். வைகாசியில் 6 மணி வாக்கிலேயே எழுந்துவிடும். 6 முதல் 7.30-க்குள் முகூர்த்தம் என்றால் இந்த அரை மணி நேரம் பெரிய விஷயம். பிரம்ம முகூர்த்தத்தில், விடிவதற்கு முன்பே தாலி கட்டுகிற வீடு என்றால் பகல் வெளிச்சத்தில் தாலிப் படம் கிடைக்காது. அதை வீட்டுக்காரர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இருக்கிற விளக்கில் தாலிகட்டை எடுத்துக்கொண்டு, மற்றதை விடிந்த பிறகு எடுக்கலாம்.

அடுத்து பந்தல். மேலே என்ன துணி கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். நீலத் தார்ப்பாய் என்றால் கீழே இருக்கும் எல்லா முகமும் நீலம். சிவப்பு, மஞ்சள் ஷாமியானா என்றால் மாப்பிள்ளை வேட்டிகூடச் சிவக்கும். கம்ப்யூட்டரில் இதை முழுக்கச் சரிசெய்யவே முடியாது. பந்தல் போடுகிறவரிடம், "அண்ணாச்சி, மணமேடைக்கு மேலே மட்டும் வெள்ளைத் துணி கட்டிருங்க" என்று முந்தின நாள் கேட்டால் பெரும்பாலும் செய்து கொடுப்பார்கள். தென்னங்கீற்றுப் பந்தலில் நிறம் கெடாது, ஆனால் ஓட்டை வழியாக வெயில் பொட்டுப் பொட்டாக முகத்தில் விழும். நாலு முழ வேட்டி இதற்குத்தான். மணமக்கள் உட்காரும் இடத்துக்கு மேலே கிளிப் போட்டு விரித்துக் கட்டிவிடுங்கள். வெயில் வேட்டியில் பட்டு வடிந்து இறங்கும்.

மண்டபம் என்றால் வாசல் போர்ட்டிகோவைப் பாருங்கள். உள்ளே எத்தனை விளக்கு போட்டிருந்தாலும் நல்ல வெளிச்சம் அங்கேதான் இருக்கும். மாப்பிள்ளை அழைப்பு, ஆரத்தி, பன்னீர் தெளிப்பது எல்லாம் அங்கே நடப்பதால் பாதி வேலை அங்கேயே முடியும்.

கேமராவில் வைக்க வேண்டியவை

எல்லாவற்றையும் நாமே வைக்கிற மேனுவல் மோடு பழகாதவர்கள் அப்பர்ச்சர் முன்னுரிமையில் (எஃப் எண்ணை மட்டும் நாம் வைத்தால் ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும்) வைத்து எடுங்கள். ஒரு ஆளோ இரண்டு பேரோ என்றால் எஃப் 2 முதல் 2.8. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/125 நொடியைவிட நீளக் கூடாது. கையை அசைக்காமல் பிடித்தாலும் எதிரே இருக்கிறவர்கள் அசைவார்கள். அதற்கு ஐ.எஸ்.ஓ.வை (சென்சார் வெளிச்சத்தை உணரும் அளவு) 1600, 3200 என்று ஏற்ற வேண்டி வந்தால் ஏற்றுங்கள். படத்தில் கொஞ்சம் பொரிப்பொரியாக இருப்பதை எந்தத் தாயும் கவனிக்க மாட்டார். மகள் முகம் மங்கி அசைந்திருந்தால் உடனே கவனிப்பார்.

ஜேபெக்காகச் சுருக்காத ரா ஃபைலில் எடுங்கள். இடம் பிடிக்கும், இருந்தாலும் நிறத்தையும் வெளிச்சத்தையும் பிறகு திருத்த அதில்தான் வழி இருக்கிறது. வைட் பேலன்ஸை (வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவில் விட்டால் மஞ்சள் பூசின முகத்தைக் கேமரா "சரிசெய்து" வெளிறடித்துவிடும். பகல் வெளிச்சக் குறியில் வைத்துவிடுங்கள். ஜன்னல் பக்கத்தில் எடுக்கும்போது அந்த அறையின் டியூப் லைட்டை அணையுங்கள். இரண்டு வெளிச்சமும் கலந்தால் ஒரு கன்னம் சரியாகவும் மறு கன்னம் பச்சையாகவும் வரும். இருட்டாக இருக்கிறதே என்று யாராவது மறுபடி சுவிட்சைப் போடுவார்கள். பொறுமையாக மறுபடி அணையுங்கள்.

வெளிச்ச அளவைக் கேமரா கணக்குப் போடும் விதத்தைப் புரிந்துகொள்ளுங்கள். எதைப் பார்த்தாலும் அதைச் சராசரிச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி சட்டை படத்தில் நிறைந்திருந்தால் எல்லாவற்றையும் இருட்டாக்கும், முகம் கறுத்துப் போகும். அப்போது எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 அல்லது +1 ஏற்றுங்கள். பின்னால் இருட்டான பட்டாசல் இருந்தால் முகம் வெளுத்துவிடும், -0.7 இறக்குங்கள். எப்போதும் முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள், வேட்டியைப் பார்த்து வேண்டாம்.

மண்டபத்து எல்.இ.டி. விளக்கு தனிச் சங்கதி. நம் கரண்ட் நொடிக்கு 50 சுற்று, மட்டமான விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். வள்ளியூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்தில் மாலை மாற்றுவதை 1/500-இல் எடுத்தேன். ஒவ்வொரு படத்திலும் குறுக்கே கறுப்புப் பட்டை. அந்தப் பெண்ணுக்கு மாலை மாற்றும் படம் ஒன்றுகூட என்னால் கொடுக்க முடியவில்லை. இப்போது மண்டபத்துக்குள் போனதும் ஒரு படம் எடுத்துப் பார்க்கிறேன். பட்டை தெரிந்தால் ஷட்டரை 1/100-இல் வைத்துவிடுகிறேன், பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

ஏசி அறையில் இருந்த கேமராவை வெளியே வெக்கைக்குக் கொண்டுபோனால் லென்ஸில் ஆவி படியும். கால் மணி நேரம் முன்னால் பையோடு வெளியே வைத்துவிடுங்கள்.

பெண்ணை அலங்கரிக்கும் நேரம்

நிதானமாக எடுக்கக் கிடைக்கும் ஒரே நேரம் இது. முகூர்த்தத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். ஆண் போட்டோகிராபர் என்றால் வீட்டுப் பெண் யாரையாவது கூட வைத்துக்கொள்ளுங்கள். சேலை கட்டி முடித்துக் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே போக வேண்டும்.

பெண்ணை ஜன்னலுக்கு நேராக உட்கார வைக்காமல், ஜன்னல் ஒரு தோள் பக்கம் இருக்கும்படி உட்கார வையுங்கள். பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தில்தான் பட்டின் நெசவும் ஜரிகையும் எழும்பித் தெரியும். ஜன்னலுக்கு மறுபக்கத்துக் கன்னம் ரொம்ப இருட்டாக இருந்தால் தெர்மோகோல் அட்டையை அந்தப் பக்கம் இரண்டடி தூரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். வீட்டில் பத்து வயதுப் பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும், அதைவிட நல்ல உதவியாள் கிடையாது. அட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்து பாருங்கள், இருட்டுக் கன்னத்தில் உருவம் தெரிகிற அளவுக்கு வந்தால் போதும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக்கினால் ரேஷன் கார்டுப் படம் போல ஆகிவிடும்.

பூ வைக்கும் சித்தியின் கை, மெட்டி எடுத்து வைக்கிற தட்டு, கண்ணாடியில் தெரிகிற அம்மா முகம் என்று பார்த்து எடுங்கள். "இங்க பாரும்மா" என்று நீங்கள் சொல்லாத படங்களே இங்கே நன்றாக வரும்.

மணமேடையும் தாலிகட்டும்

மணமக்களைப் பெரும்பாலும் கிழக்குப் பார்த்து உட்கார வைப்பார்கள். வாசல் பந்தலில் காலை முகூர்த்தம் என்றால் வெளிச்சம் முகத்துக்கு நேரே வரும். அந்த வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நிற்காமல், கொஞ்சம் விலகி, உங்கள் தோளைத் தொட்டு வரும்படி நில்லுங்கள். முகத்துக்கு ஒரு வடிவம் கிடைக்கும்.

தொடங்குவதற்கு முன் இரண்டு பேரிடம் பேச வேண்டும். முதலில் கல்யாணத்தை நடத்தி வைக்கும் ஐயர். "சாமி, திருப்பூட்டும்போது நான் இந்தப் பக்கம் இருப்பேன், கொஞ்சம் மறைக்காம பாத்துக்கிடுங்க" என்று பணிவாகக் கேளுங்கள். கெட்டிமேளத்துக்குக் கை காட்டுவதற்கு முன் உங்களை ஒரு தடவை பார்ப்பார். அந்தப் பார்வை போதும். அடுத்து வீடியோ எடுக்கிற தம்பி. அவர் வெள்ளை விளக்கை மணமக்கள் முகத்துக்கு நேரே வைத்திருப்பார். அவருக்கும் வேலை நடக்க வேண்டும். அணைக்கச் சொல்லாமல், ஜன்னலோ வாசலோ இருக்கிற பக்கத்திலிருந்து அடிக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே திசையிலிருந்து வந்தால் கண்ணை உறுத்தாது.

நான் முதன்முதலில் எடுத்த கல்யாணத்தில் மேடைக்கு நேர் எதிரே நின்றேன். தாலி ஏறின நேரத்தில் அட்சதை போட எழுந்தவர்களின் கைகள்தான் படம் முழுக்க. தாலி கட்டும்போது பெண் தலை குனிந்திருப்பாள், நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் உச்சி வகிடும் பூவும்தான் தெரியும். ஆகவே மேடைக்குப் பக்கத்தில், மாப்பிள்ளை இல்லாத பக்கமாக, பெண்ணுக்கு முன்னால் கொஞ்சம் ஒதுங்கி, தரையில் முழங்கால் போட்டு உட்காருங்கள். கேமரா பெண்ணின் நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். அங்கிருந்து குனிந்த முகம், மாப்பிள்ளையின் இரண்டு கை, பின்னால் மீதி முடிச்சுப் போட நிற்கும் நாத்தனார் மூன்றும் ஒரே படத்தில் வரும்.

எஃப் 2.8, ஷட்டர் 1/250, மினுக்கும் விளக்கு இருந்தால் 1/100. ஃபோகஸ் புள்ளியை நடுவில் ஒன்றாக வைத்து, பெண்ணின் கண்ணில் முன்கூட்டியே பூட்டிவிடுங்கள். கெட்டிமேளம் ஏறினதும் பூவும் அட்சதையும் குறுக்கே பறக்கும். ஃபோகஸைக் கேமராவின் இஷ்டத்துக்கு விட்டால் அது அரிசியைத் துரத்திக்கொண்டு போகும். விரலை அழுத்திப் பிடித்து ஐம்பது படம் சுடவும் வேண்டாம். பழைய கேமரா பாதியில் மூச்சு முட்டி நின்றுவிடும், அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை சிரிப்பார். மூன்று மூன்றாக எடுத்து இடைவெளி விடுங்கள்.

மூன்றாவது முடிச்சு விழுந்ததும் எல்லோரும் கேமராவை இறக்குவார்கள். நீங்கள் இறக்காதீர்கள். குலவை போடுகிற பெண்கள் பக்கம் திரும்புங்கள். பெண்ணின் அப்பா எங்கே நிற்கிறார் என்று முன்னாலேயே பார்த்து வைத்திருங்கள். பெரும்பாலும் ஒரு தூணோரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்பார். நான் எடுத்த கல்யாணங்களில் வருஷங்கள் கழித்தும் வீட்டார் கேட்டு வாங்கின படம் இதுதான்.

ஓமப்புகையைக் கண்டு ஒதுங்க வேண்டாம். புகைக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் இருந்தால் கதிர் கதிராகத் தெரியும். அந்த நேரம் எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து எடுங்கள்.

கோயிலிலும் சர்ச்சிலும் நிக்காஹிலும்

திருச்செந்தூரில் கல்யாணம் என்றால் கோயில் விதிகளை முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டது. சந்நிதிக்குள் கேமராவும் கிடையாது. வெளியே வந்த பிறகு கடற்கரை இருக்கிறது. காலையில் சூரியன் கடல் பக்கம் இருக்கும். மணமக்களின் முதுகைக் கடலுக்குக் காட்டி நிறுத்துங்கள், எதிரே உள்ள மணல் வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் அடிக்கும். எக்ஸ்போஷர் +1.

குறுக்குத்துறை முருகன் கோயில் தாமிரபரணிக்குள்ளேயே இருக்கிறது. கல் மண்டபத்து ஓரம், ஆற்றைப் பார்த்து நிற்கும் முகத்துக்குத் தண்ணீரின் வெளிச்சமும் சேர்ந்து கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றில் வெள்ளம் வந்தால் கோயில் மூழ்கிவிடும், மாற்று இடம் ஒன்றை மனதில் வைத்திருங்கள்.

சர்ச் கல்யாணத்தில் ஆல்டர் முன்னால் எங்கே நிற்கலாம், எப்போது படம் எடுக்கக் கூடாது என்று குருவானவரிடம் முந்தின நாளே கேட்பது மரியாதை. பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் போன்ற பழைய சர்ச்சுகளில் (அது 1826-இல் கட்டினது) வெளிச்சம் பக்கவாட்டு ஜன்னல்களிலிருந்து வருகிறது. மணமக்கள் நடந்து வரும்போது ஒவ்வொரு ஜன்னலுக்கு நேரேயும் முகம் ஒளிர்ந்து மங்கும். ஒரு ஜன்னலைத் தேர்ந்து அதற்கு நேரே காத்திருங்கள். வெள்ளைச் சேலையும் தலையில் போடும் நெட்டும் வெளுத்துவிடாமல் திரையில் ஒரு தடவை பெரிதாக்கிப் பாருங்கள்.

நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுக்கலாமா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் கேமராவைத் தூக்கவே வேண்டாம். நிக்காஹ் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் கை, வாழ்த்துச் சொல்லிக் கட்டித் தழுவும் வாப்பா என்று எடுப்பதற்கு நிறைய உண்டு.

குரூப் போட்டோ

பத்து மணிக்கு மேல் வெயிலில் யாரையும் நிறுத்தாதீர்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள், மூக்குக்குக் கீழே நிழல் விழும். உச்சி திரும்புகிற வரை மண்டபத்தின் மேற்குச் சுவரை ஒட்டி நிழல் இருக்கும், அங்கே கூப்பிடுங்கள். வேப்ப மரத்தடி என்றால் முதலில் தரையைப் பாருங்கள். தரையில் வெயில் பொட்டு இருந்தால் முகத்திலும் விழும். தேரிப் பக்கத்து ஊர்களில் செம்மண் தரை முகத்துக்குச் செம்பு நிறம் ஏற்றிவிடும், திண்ணையிலோ சிமெண்டுத் தரையிலோ நிறுத்துவது நல்லது.

ஆட்கள் இரண்டு வரிசை என்றால் எஃப் 5.6, மூன்று என்றால் எஃப் 8. முதலில் ஆச்சி, தாத்தா இருக்கும் குரூப். அவர்களால் வெகுநேரம் நிற்க முடியாது. "ஆச்சி, நாடியைக் கொஞ்சம் தூக்குங்க", "அண்ணாச்சி, ஒரு எட்டு முன்னால வாங்க" என்று உறவு சொல்லியே கூப்பிடுங்கள், எல்லோரும் ஒத்துழைப்பார்கள். யார் யார் வர வேண்டும் என்கிற பட்டியலை வீட்டு விவரம் தெரிந்த மதினி ஒருவரிடம் கொடுத்துக் கூப்பிடச் சொல்லுங்கள். ஒவ்வொரு குரூப்பும் நாலு படம். ஒன்றில் எப்படியும் ஒருவர் கண்ணை மூடியிருப்பார்.

ஆக்குப்புரையும் பந்தியும்

மேடையிலேயே நின்றுவிடாமல் ஆக்குப்புரைக்கு (சமையல் கொட்டகைக்கு) ஒரு நடை போய்வாருங்கள். காலை ஏழு மணிக்குக் கீற்று இடுக்கு வழியாக வெயில் புகைக்குள் இறங்கும். அந்த வெளிச்சத்தில் தவசிப்பிள்ளை சாம்பார் அண்டாவைக் கிண்டுகிற படத்துக்கு ஈடு எதுவும் மேடையில் கிடைக்காது. பந்தியில் சாப்பிடும் வாயை எடுக்காதீர்கள். பரிமாறும் கையையும், வரிசை நுனியில் நின்று நீளமாகப் போகும் இலைகளையும் எடுங்கள்.

சாயங்காலமும் மறுவீடும்

பாபநாசம், கடையம், குற்றாலம் பக்கம் மேற்கே மலை நிற்பதால் அஸ்தமன நேரத்துக்கு வெகு முன்னாலேயே வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். பொன் வெயிலில் எடுக்கலாம் என்று 6 மணிக்குப் போனால் ஏமாந்து போவீர்கள். ஒரு மணி நேரம் முந்திக்கொள்ளுங்கள். வெயில் மறைந்த பிறகும் வானம் வெகுநேரம் வெளுப்பாக இருக்கும், அது மெத்தான வெளிச்சம். ஆனி மாதம் சாரல் பிடித்துவிட்டால் தென்காசிப் பக்கம் பகல் முழுக்க மேகம்தான், எந்த நேரமும் எடுக்கலாம். காற்று மட்டும் பலமாக அடிக்கும், தெர்மோகோலை விட்டுவிட்டு வேட்டியைக் கொண்டுபோங்கள்.

மறுவீட்டுக்கும் கேமராவை எடுத்துக்கொண்டு போங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கல்யாணத்தன்று இருந்த பரபரப்பு போய் இரண்டு வீட்டாரும் சிரித்துப் பேசுகிற நாள் அது. சைவ வீடுகளில் சொதியும் இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலுமாகச் சாப்பாடு நடக்கும். சாப்பிட்டு முடித்துத் தார்சாவில் எல்லோரும் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் மத்தியான வெளிச்சத்தில் மணமக்களை எடுங்கள். வெட்கம் கொஞ்சம் விலகியிருக்கும். பத்தமடைப் பாயில் பெண் மாப்பிள்ளை பெயர் நெய்து சீர் கொடுத்திருந்தால், அதைத் தரையில் விரித்து, ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்படி எடுங்கள். கோரையின் ஒவ்வொரு இழையும் தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்று ராத்திரியே, எவ்வளவு அசதியாக இருந்தாலும், இரண்டு கார்டையும் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, தனி ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். நான் ஆயிரத்துக்கு மேல் எடுத்தால் இருநூறு, இருநூற்றைம்பது படங்களைத்தான் கொடுப்பேன். ஒரே மாதிரி பத்து படம் கொடுத்தால் நல்ல படத்தின் மதிப்பு குறைகிறது.

திருத்தும்போது வெளிச்சம், நிறம், கோணல் மூன்றையும் சரிசெய்யுங்கள். தோல் நிறத்தை மட்டும் மாற்றாதீர்கள். "கொஞ்சம் கலரா ஆக்கிக் கொடுங்க" என்று கேட்பார்கள், ஒவ்வொரு கல்யாணத்திலும் கேட்பார்கள். அந்தப் பெண்ணின் நிறம் அவள் அம்மாவின் நிறம், ஆச்சியின் நிறம். அதை வெளுக்கடித்தால் நாளை அவள் பிள்ளை அந்த ஆல்பத்தில் அம்மாவைத் தேட வேண்டியிருக்கும். நான் மறுத்துச் சொல்லாமல், ஜன்னல் பக்கத்தில் சரியாக எடுத்த படம் ஒன்றை முதலில் காட்டுவேன். மாநிறமும் கறுப்பும் பக்கவாட்டு வெளிச்சத்தில் எவ்வளவு மினுமினுப்பாக இருக்கின்றன என்று பார்த்த பிறகு அநேகமாக யாரும் இரண்டாம் தடவை கேட்பதில்லை.

போனில் அனுப்புவதோடு நிறுத்தாமல் இருபது படங்களையாவது 4-க்கு 6 அளவில் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். ஆச்சிக்குத் தனியாக ஒன்று, கொஞ்சம் பெரிதாக. கார்டில் இருப்பதை அழிப்பது அதையெல்லாம் அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான்.